மாடக்கண்ணைத் தொட்டவர்கள்

ஆவரங்குளத்துப் பெண்கள் கடைக்குப் புறப்படும்போது சாவிக்கொத்தோடு கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் ஒன்றையும் இடுப்பில் சொருகிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு மாமியார் சொல்கேட்டு அவர்களும் ஒன்று வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் வயர்மேன் மாடக்கண்ணு எந்தத் தெருத் திருப்பத்தில் எதிரே வருவான் என்று யாருக்கும் தெரியாது, அவன் ஈர வேட்டியின் நுனி பட்டாலே முழங்கை வரைக்கும் சுண்டி இழுக்கும்.

மாடக்கண்ணு அப்படியே பிறந்தவன் அல்ல. ஊர்க் கம்பங்களில் ஏறி இறங்கிய எத்தனையோ வருஷத்தில் ஒரு பொறிகூட அவனைச் சுட்டதில்லை. கம்பியைத் தொடும் முன் அவன் செய்யும் காரியங்கள் பூசாரி செய்வதைப் போல வரிசை மாறாதவை. முதலில் கரண்டு இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து, டெஸ்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திறந்து, லைனுக்குக் கரண்டு போகாதபடி பீஸ் கட்டைகளைப் பிடுங்குவான், மேலே ஏறிக் கம்பியில் டெஸ்டர் வைப்பான், எரியவில்லை என்றாலும் நம்பாமல், ஒரு முனை பூமியில் அடித்த கம்பியோடு சேர்ந்த இரும்புச் சங்கிலியை லைன்மேல் வீசித் தொங்கவிடுவான், கீழே எவனாவது தெரியாமல் கரண்டைக் கொடுத்தாலும் அது சங்கிலி வழியாக மண்ணுக்குப் போகட்டும், மனுஷன் வழியாகப் போக வேண்டாம் என்று. வீடுகளில் ஸ்டூல்மேல் ஏறி நின்று டெஸ்டர் வைத்து "கரண்டே இல்ல" என்று கையை நீட்டுகிறவர்களைக் கண்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"காஞ்ச பலகைமேல நின்னா உயிருள்ள கம்பியும் செத்ததாத்தான்வே காட்டும். முதல்ல கால் எங்க இருக்குன்னு பாரும், அப்புறம் டெஸ்டரப் பாரும்" என்று கத்துவான்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பிடுங்கிய பீஸ் கட்டைகளை, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைகள் மூன்றையும், கம்பம் ஏறுகிறவன் தன் சொந்தக்காரர் ஒருவர் மடியில் கட்டிவிட்டுத்தான் ஏறுவான். அவன் இறங்கி வந்து வாய் திறந்து கேட்கும்வரை அந்த மடி அவிழக் கூடாது. மடியில் கட்டைகளை வைத்திருப்பவர் வெயிலில் காத்துக் கிடந்தாலும் வெற்றிலை எடுக்கக்கூட முடிச்சைத் தொட மாட்டார். மாடக்கண்ணுக்கு அந்த மடி, பெண்டாட்டி வடிவின் அண்ணன் பேச்சிமுத்துவின் மடி. டிரான்ஸ்பார்மருக்கு எதிரே பேச்சிமுத்துவின் மாவு மில் இருந்ததால் அது இருவருக்கும் வசதியாகவும் இருந்தது.

வடிவு முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த வருஷம், தீபாவளிக்கு முந்தின நாள் காலையில், மழைக்கு முறிந்த புங்கைக் கொப்பு கிழக்குத் தெரு லைனில் விழுந்து கிடந்தது. மாடக்கண்ணு கட்டைகளைப் பிடுங்கி மச்சானிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளிலிருந்து சங்கிலியை எடுத்தான்.

"எதுக்கு மாப்ளே சங்கிலி?" என்றான் பேச்சிமுத்து. "கட்டை மூணும் என் மடியில இருக்கு, இருக்கிறத ஊரே பாக்குது. நீ சங்கிலியப் போட்டா, பேச்சிமுத்து மடிய அவன் தங்கச்சி புருஷனே நம்பலன்னுல்லா பேசுவானுவ."

"அதுக்கில்ல மச்சான், வழக்கம்."

"வழக்கம்னா போடு. நான் வேண்டாங்கல."

வேண்டாம் என்று சொல்லாத அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மாடக்கண்ணு சங்கிலியைச் சுருட்டித் திரும்பவும் சைக்கிளில் மாட்டினான். மில் வாசலில் அதிரசத்துக்கு ஊறவைத்த பச்சரிசியோடு பெண்கள் தெருமுனை வரை வரிசை கட்டி நின்றிருந்தார்கள், ஈர அரிசி புளித்துவிடும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் கம்பத்தின் உச்சிவரைக்கும் அவனுக்குக் கேட்டது. டெஸ்டர் வைத்தான். எரியவில்லை. கொப்பை அறுத்துத் தள்ளினான், அறுந்த கம்பியை இழுத்து முறுக்கினான், முறுக்கிக்கொண்டிருக்கும்போது கரண்டு வந்தது.

இடுப்புக் கயிற்றில் அவன் தொங்கியதைப் பார்த்து ஊர் ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவன் பேச்சிமுத்து. மடியை அவிழ்த்துக் காட்டினான், மூன்று கட்டையும் மடிக்குள்ளே இருந்தன. பின்கொட்டகையில் கிடந்த பழைய டீசல் எஞ்சினைப் போட்டுத்தான் மாவு அரைத்தேன், சாமி சத்தியமாக இந்த முடிச்சைத் தொடவில்லை என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். அப்படியென்றால் மலைப்பக்கம் விழுந்த இடிதான் கம்பி வழியாக வந்திருக்கிறது என்று ஊர் பேசி முடித்தது. கயிற்றோடு கீழே இறக்கிக் கிடத்திய மாடக்கண்ணு செத்துப்போகவில்லை. வந்த கரண்டு அவனைவிட்டுப் போகவும் இல்லை. வடிவு ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள், பிடித்த வேகத்தில் தூக்கி எறியப்பட்டு வைக்கோலில் போய் விழுந்தாள். ஒருத்தர் டெஸ்டரை எடுத்து அவன் கட்டைவிரலில் வைத்தார், உள்ளே இருக்கிற சின்ன விளக்கு மாதுளை முத்தைப்போலச் சிவந்து எரிந்தது.

"லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தீபாவளி வந்து போயிற்று, ஊர் அதிரசம் தின்றது, அதற்குள் மாடக்கண்ணோடு எப்படிப் பழகுவது என்று ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. டீக்கடைக் கோமதிநாயகம் அவனுக்கென்று ஒரு மரப்பலகை செய்து, அதில் தம்ளரை வைத்து நீட்டினார். முடி வெட்டுகிறவர் ரப்பர் செருப்பும் கொம்புச் சீப்பும் இல்லாமல் அவன் தலையில் கைவைக்க மாட்டேன் என்றார். மூட்டுவலிக்காரர்கள் வரிசையில் வந்து அவன் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டு ஐயோ என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு வேகமாக நடந்து போனார்கள். பஞ்சாயத்தில் பேசி, மண்டையோடும் எலும்பும் போட்ட அபாயப் பலகை ஒன்றை அவன் சைக்கிளின் முன்னால் கட்டிவிட்டார்கள், அவன் கோபப்படவில்லை, தினமும் அதைத் துடைத்து வைத்துக்கொண்டான். கரண்டு போன சாயங்காலங்களில் கோமதிநாயகம் ஒரு பல்பு ஓல்டரின் வயரை நீட்டி, "வே மாடக்கண்ணு, பால் பொங்குறவரைக்கும் கொஞ்சம் பிடிச்சுக்கிடும்" என்பார், அவன் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு கல்யாணத்துக்குச் சீரியல் விளக்கு முழுவதும் அவனிலிருந்துதான் எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டபோது பந்திக்குப் பின்னால் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த அவனைக் காட்டினார்கள்.

கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட அவனுக்கு எர்த் கொடுத்தும் பார்த்தார்கள். கோயிலுக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அவனை முழங்கால் முங்க நிறுத்தி வைத்தார்கள். அவன் பொழுதுக்கும் நின்றான். பக்கத்திலிருந்த முருங்கை காலம் தப்பிப் பூத்து உதிர்ந்தது, மண்புழுக்கள் மேலே வந்து தெருவைக் கடந்து வேறு தெருவுக்குக் குடிபோயின, டெஸ்டர் மட்டும் முன்னைப்போலவே எரிந்தது.

பேச்சிமுத்து ஒருவனை மட்டும் அவன் உடம்பு அடிக்கவில்லை. கம்பத்தடியில் கிடந்தவனைத் தொட ஊரே பயந்து நின்றபோது பேச்சிமுத்து குனிந்து, பிள்ளையைத் தூக்குவதைப்போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மாடக்கண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அவன், முதுகு தேய்த்தது அவன், காய்ச்சல் கண்ட நாட்களில் கஞ்சி புகட்டியதும் அவன். மனிதத் தோல் என்றால் மாடக்கண்ணுக்கு மச்சானின் மாவு படிந்த உள்ளங்கைதான் என்று ஆயிற்று.

"பாசம்னா இதுல்லா பாசம்" என்று கோமதிநாயகம் டீக்கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "பெண்டாட்டிய அடிச்சது, பெத்த தாய அடிச்சது, மச்சான அடிக்கல பாத்தீரா? கரண்டுக்கே மனசு தெரியுது வே."

மாடக்கண்ணும் அப்படித்தான் நினைத்தான். சாயங்காலம் மில் சாத்தியபின் பேச்சிமுத்து வந்து தோளில் கைபோட்டு உட்காரும்போது, இந்தக் கைக்காகத்தானே அன்றைக்குச் சங்கிலியைச் சுருட்டி வைத்தேன், அதில் ஒன்றும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டான்.

செண்பகம் பிறந்தாள். மூங்கில் கழியால் தொட்டிலை ஆட்டி அப்பன் அவளைத் தூங்க வைத்தான். தவழ்கிற வயதில் ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து அவன் கால் பெருவிரலைப் பிடித்தாள், பிடித்ததும் நீலம் பாரித்து, வெகுநேரம் அழக்கூட மூச்சு வராமல் கிடந்தாள். அவளைத் தூக்கித் தட்டிக்கொடுக்கக்கூட முடியாமல் அவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அன்றைக்கு அவன் சாஸ்தா கோயில் திசையைப் பார்த்து ஒரு சத்தியம் செய்தான். இந்த ஊரில் கடைசி ஆள்வரைக்கும் என்னைத் தொட்டு ஷாக் அடிக்கவில்லை என்று ஆன பிறகுதான் என் பிள்ளையைத் தொடுவேன், அதுவரைக்கும் அவள் நிழலில்கூட நிற்க மாட்டேன். அவனுக்கு அதற்குப் பிறகு வேறு ஆசை என்று ஒன்றும் இருக்கவில்லை. கோயிலுக்குப் போனாலும், கம்பத்தைப் பார்த்து நின்றாலும், சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் கைகள் இரண்டும் ஒரு பிள்ளையின் கனத்தை ஏந்தியதுபோல வளைந்தே இருந்தன. அவள் பேசப் பழகியதும் அவனைக் கரண்டப்பா என்று கூப்பிட்டாள்.

"கரண்டப்பா, என்ன எப்போ தூக்குவ?" என்று வாசல்படியில் நின்று கேட்பாள்.

"வடியட்டும் தாயி" என்பான் இவன் முற்றத்தின் மறு ஓரத்திலிருந்து.

வடியவும் தொடங்கியது. முதலில் தெரிந்துகொண்டவள் உலகம்மை. ரேஷன் கடை நெரிசலில் தெரியாமல் அவன் முழங்கையில் மோதிவிட்டு, அடிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அடிக்கவில்லை. டெஸ்டரை எடுத்து அவன் கையில் வைத்துப் பார்த்தாள், எரியவில்லை. அப்புறம் உலகம்மையின் ஓரகத்தி, அவள் பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் என்று ஒவ்வொருவராக அவனைத் தொட்டுப் பார்த்தார்கள், தொட்டவர்கள் சும்மா நின்றார்கள். டீக்கடையில் தினமும் சாயங்காலம் அவனுக்கு டெஸ்டர் வைத்துப் பார்ப்பது ஒரு விசேஷம்போல ஆயிற்று. "இன்னைக்கு எரியல" என்று ஒருவன் சொன்னால் கைதட்டுவார்கள், அவனுக்கு ஒரு வடை கொடுப்பார்கள். கோமதிநாயகம் ஒருநாள் மரப்பலகையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே கொடுத்தார். முடி வெட்டுகிறவர் செருப்பைக் கழற்றினார்.

அந்த வருஷங்களில் ஊரில் சந்தோஷமில்லாமல் இருந்தவர் செருப்புத் தைக்கும் அந்தோணி ஒருவர்தான். "என்ன ஊருய்யா இது, ஒருத்தன் செருப்பும் தேய மாட்டேங்கு. வாங்கி மூணு வருஷமான செருப்பு கடையில இருந்து எடுத்த மாதிரி இருக்கு" என்று புலம்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். வடிவுகூட ஒரு மார்கழிக் காலையில், ஈரக் கோலத்தின்மேல் நடந்து வந்த அண்ணனைப் பார்த்து, "அண்ணன் காலு பூ மாதிரி, ஒரு இழை அழியல பாருங்களேன்" என்று சிரித்தாள். மாடக்கண்ணும் சிரித்தான்.

வடிவை மட்டும் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அகப்பையில் சோற்றை வைத்துத் தள்ளிவிட்டு, அவள் தள்ளிப் படுத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் மத்தியானம், மில்லுக்குப் போனவள் முகம் வீங்கித் திரும்பி வந்தாள். மாவுச் சட்டியை இறக்கி வைக்காமலே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏன் அழுத வடிவு? நல்லாயிருச்சு பாத்தியா, எனக்கு நல்லாயிருச்சு" என்றான் அவன், அவனும் அழுதான். அவள் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவனுக்கு அந்த மடியின் சூடு மறந்தே போயிருந்தது.

ஊரில் மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சரியானார்கள். கடைசியாக, புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார் முதல்நாள் தொட்டுத் துள்ளி விழுந்தார், பிறகு டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்து தொட்டார், சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார். செண்பகத்துக்குச் சாஸ்தா கோயிலில் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கு அப்பன் பிள்ளையைத் தூக்குவான் என்று ஊர் முழுவதும் தெரிந்தது.

கோயில் முன்வாசல் முழுக்கச் சாணி தெளித்து, பேச்சிமுத்து மில்லில் அரைத்த அரிசிமாவில் கரையிலிருந்து கரைக்குக் கோலம் போட்டிருந்தார்கள். தாய்மாமன் மடியில் செண்பகத்தை உட்கார வைத்துக் காது குத்தினார்கள், அவள் கத்தின கத்தலில் புறாக்கள் பறந்தன, வாயில் சர்க்கரைப் பொங்கலை வைத்ததும் கத்தலை நிறுத்தினாள். மாடக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக் கோலத்தின் நடுவில் நின்றான். ஊர் ஒவ்வொருவராக வந்து, அவரவர் டெஸ்டரின் தலையில் கட்டைவிரலை அழுத்தி, முனையை அவன் கையில் வைத்தார்கள். ஒன்றுகூட எரியவில்லை. எரியாத ஒவ்வொரு டெஸ்டருக்கும் ஒரு குலவை கேட்டது.

"போதும் வே, பிள்ளையத் தூக்கும்" என்றார் கோமதிநாயகம்.

"இருங்க அண்ணாச்சி" என்றான் மாடக்கண்ணு. "அவளையும் ஒருதடவ பாத்திருவோம்."

செண்பகம் மாமன் மடியிலிருந்து வழுகி இறங்கி ஓடி வந்தாள். அவன் தன்னுடைய பழைய டெஸ்டரைத் தரையில் வைத்து அவளிடம் தள்ளினான். "தாயி, தலையில பெருவிரல வையி. முனைய மட்டும் அப்பா விரல்ல வையி. விரல் படக் கூடாது, என்ன?" அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பதைப்போல முனையைக் கொண்டுவந்து வைத்தாள்.

டெஸ்டர் எரிந்தது. முதல்நாள் கம்பத்தடியில் எரிந்ததுபோலவே, மாதுளை முத்தாக, நடுப்பகல் வெயிலிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரிந்தது.

"பிள்ளை கை ஈரமா இருக்கு" என்றது ஒரு குரல். "டெஸ்டர் பழசு வே" என்றது இன்னொரு குரல். "ஒரு சொட்டு மிச்சம் இருக்கும், அது சும்மா சின்ன அடிதான், தூக்கும்" என்றார் வாத்தியார். மாடக்கண்ணு அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் செண்பகத்தின் கால்களைப் பார்த்தான். ஈரக் கோலத்தை அழித்துக்கொண்டு, மாவும் சாணியும் அப்பிய பத்து விரல்களோடு, இரண்டு சின்னக் கால்கள் மண்ணில் பதிந்து நின்றன. அவள் ஓடி வந்த வழி முழுக்கச் சின்னச் சின்னத் தடங்கள்.

அந்தத் தடங்களையும் அவன் நடந்து வந்த தடத்தையும் தவிர அவ்வளவு பெரிய கோலத்தில் வேறு ஒரு தடம்கூட இல்லை.

ஊர் அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பேர் வந்து, வரிசையில் நின்று, குலவையிட்டுத் திரும்பிப்போயும் ஒரு இழை கலையவில்லை, ஒரு புள்ளி நகரவில்லை. அவன் குனிந்து பார்த்தான். கோமதிநாயகத்தின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தது. உலகம்மைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பேச்சிமுத்துவின் பாதங்களுக்கு அடியில் எறும்புகள் வரிசையாக மாவுத்துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தன.

அவன் கோயில் அடிபம்பு வரைக்கும் நடந்துபோனான், தன் டெஸ்டரின் தலையில் தன் கட்டைவிரலையே வைத்து, முனையைப் பம்புக் குழாயில் வைத்தான். உயிரைத் தேடுகிறவன் கம்பியில்தான் டெஸ்டர் வைப்பான், பூமிக்குள் இறங்குகிற குழாயில் யார் வைப்பார்கள்? இங்கே உயிருள்ள கம்பி அவன்தான். அது குபீரென்று எரிந்தது. ஒரு சொட்டுக்கூட வடியவில்லை. இத்தனை வருஷமும் ஊர் டெஸ்டரைப் பிடித்தது, அவன் டெஸ்டரைப் பார்த்தான், பிடித்தவர்களின் காலைப் பார்க்கவில்லை.

முதல் நாளிலிருந்தே மண்ணில் படாத கால் யாருடையது என்று அவன் யோசித்தான். அடுத்தது உலகம்மை. மில் வாசல் வரிசையில் அன்றைக்கு முதல் ஆளாக நின்றவள் உலகம்மை, கம்பத்தின் மேலிருந்து அவள் சத்தம்தான் அவனுக்கு எல்லாச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. அதற்குமேல் அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டுமா என்பதை மட்டும் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தான். கேட்காமல் விட்டால் நாளைக்கும் முதுகு தேய்க்க ஒரு கை இருக்கும், டீ தம்ளர் விரலோடு விரல் பட்டு வரும், வடிவின் மடி இருக்கும். திரும்பிப் பார்த்தான். செண்பகம் தன் தடத்துக்குள்ளேயே காலை வைத்து வைத்து எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கோலத்தின் ஓரத்தில் வந்து நின்று தணிந்த குரலில் கேட்டான்.

"அன்னைக்கு மில்லுல ஓடினது எஞ்சினா, மோட்டாரா?"

மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மோட்டாரு" என்றாள் வடிவு.

சொன்னதும் அவள் கால்கள் கீழே இறங்கின. கோலத்தின் ஒரு தாமரை அவள் பாதத்தின்கீழ் கலைந்தது.

"நீங்க சாப்பிட இறங்கியிருப்பீங்கன்னு அண்ணன் நினைச்சாராம். அரிசி புளிக்குதுன்னு இவளுவ சத்தம் போட்டாளுவளாம். கொஞ்ச நேரம்தானன்னு கட்டைய எடுத்துச் சொருகியிருக்காரு. நீங்க விழுந்த சத்தம் கேட்டு மறுபடி பிடுங்கி மடியில கட்டிட்டாரு. எஞ்சின் ஓடினா புகை வரும்லா, அன்னைக்குப் புகையே வரலன்னு உலகம்மை மதினிக்குத்தான் முதல்ல ஞாபகம் வந்திருக்கு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்களத் தொட்டேன்லா, அன்னைக்கு."

அவன் அவள் காலடியில் கலைந்த தாமரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சு வச்சிருக்கிறவங்கள அடிக்கலன்னு இவங்க எல்லாருக்கும் முன்னமே புரிஞ்சுபோச்சு. நான் மட்டும்தான் தெரியாம தள்ளிப் படுத்துக்கிடந்தேன். மில்லுல வச்சு எனக்கும் சொன்னாவ. சொல்லிட்டு, அவர்கிட்ட கேட்றாத, கேட்டா மறுபடி அடிக்கும்னாவ. எனக்கு உங்களத் தொடணும்னு இருந்துச்சு. அதுதான் வாயைத் திறக்கல."

"ஊருக்கு நல்லதுன்னுதான் வே பரவிச்சு" என்றார் கோமதிநாயகம், சொல்லச் சொல்ல அவரும் இறங்கினார். "டீ கொடுக்கணும்லா. முடி வெட்டணும்லா. அவனவன் டெஸ்டரும் பலகையுமா எத்தன நாளைக்கு அலைவான்? ஒருத்தருக்கு ஒருத்தர் காதுல போட்டு வச்சுக்கிட்டோம். வாத்தியாருக்குக்கூட நான்தான் சொன்னேன். போனது போயிருச்சு, இப்போ சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு..." உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாய்யா, அந்த மாவுலதான் அதிரசம் சுட்டேன்" என்று அழுதாள், அவள் குதிகால் மண்ணில் இடித்தது. அப்படியே ஒவ்வொருவராக, எனக்கு இவள் சொன்னாள், எனக்கு அவன் சொன்னான் என்று வாய்க்கு வாய் சொல்லச் சொல்ல, ஊர் ஒரு நூல் அளவு கீழே இறங்கியது, அவ்வளவு பெரிய கோலமும் கால்களுக்கு அடியில் சேறாகி அழிந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த வாத்தியார் அவனைத் தேற்ற முழங்கையைத் தொட்டார், ஐயோ என்று துள்ளி அப்பால் போய் விழுந்தார்.

பேச்சிமுத்து மட்டும் நின்ற இடத்தில் நின்றான். பிறகு நடந்து வந்தான், அவன் நடந்த வழியில் சேற்றில் தடம் விழவில்லை. வந்து, வழக்கம்போல மாடக்கண்ணின் தோளில் கையைப் போட்டான். அந்தக் கையை அடிக்கவில்லை. அதே மாவு படிந்த, கதகதப்பான உள்ளங்கை.

"மாப்ளே" என்றான். "ஊர் என்ன வேணாலும் பேசும். நான் மடிய அவுக்கல மாப்ளே."

மாடக்கண்ணு அந்தக் கையைப் பார்த்தான். எண்ணெய் தேய்த்த கை, கஞ்சி புகட்டிய கை. இனி உலகத்தில் அவனைத் தொடக்கூடியது அந்த ஒரு கைதான் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. தோளில் படிந்திருந்த அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, பீங்கான் கட்டையை மடியில் வைப்பதைப்போல பத்திரமாக, பேச்சிமுத்துவின் நெஞ்சிலேயே வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஆவரங்குளத்துப் பெண்களின் இடுப்புக்கு மறுபடியும் டெஸ்டர்கள் வந்தன. கோமதிநாயகம் புதுப் பலகை ஒன்று செய்தார். தேய்ந்த செருப்புகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அந்தோணியைத் தேடி அடுத்த ஊருக்குப் போனார்கள், பேச்சிமுத்துவின் செருப்பு மட்டும் புதுசாகவே இருந்தது. வடிவு அகப்பையில் சோறு வைத்துத் தள்ளினாள், அவன் அதைச் சாப்பிட்டான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட அவனுக்கு நெடுநாள் ஆயிற்று.

அன்றைக்குக் கோயில் வாசலில் கூட்டம் கலைந்த பிறகு அப்பனும் மகளும் மட்டும் அழிந்த கோலத்தின்மேல், நடுவில் ஒரு கை தூரம் விட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காது வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டிருந்தவளிடம் அவன் டெஸ்டரைத் தள்ளிவிட்டான். அவள் விரலை வைத்து, முனையை அவன் விரலில் வைத்தாள்.

"எரியுதுப்பா."

"எரியட்டும் தாயி. அப்படியே கொஞ்ச நேரம் பிடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா தொட்டா மட்டும் ஏன் அடிக்கல?" என்று கேட்டாள்.

தூரத்தில் கோயில் மதிலோரம் பேச்சிமுத்து தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"முதல்ல மாமா காலப் பாரு" என்றான் மாடக்கண்ணு.

செண்பகம் டெஸ்டரை எடுக்காமலே, ஒரு கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்து, மாமனின் கால்களுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.